சோற்றுக்கு என்ன பெராகா? யூத மரபில் அரிசி உணவுகளுக்குச் சொல்லும் போற்றுதல்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூத மரபைப் பின்பற்றுகிறவர்கள் எதைச் சாப்பிடுவதற்கு முன்பும் கடவுளைப் போற்றி ஒரு சிறு வாசகம் சொல்வார்கள். அதன் பெயர் பெராகா. ரொட்டிக்கு ஒன்று, பழத்துக்கு ஒன்று, காய்கறிக்கு ஒன்று என்று உணவைப் பொறுத்து வாசகம் மாறும். அரிசியிடம் வரும்போது மட்டும் இந்த ஒழுங்கு கொஞ்சம் வளைகிறது. சாப்பிடும் முன்பு அதைக் கோதுமைக்குப் பக்கத்தில் உட்காரவைக்கிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் அந்த இடத்தைக் கொடுப்பதில்லை. இது ஏன் இப்படி ஆனது என்று தேடிப் போனால் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பழைய விவாதம் ஒன்று விரிகிறது. சோறே சாப்பாடு என்று வளர்ந்த நமக்கு அதைப் படிப்பதில் தனி ருசி உண்டு. கீழே உள்ளவை பொதுவான விளக்கங்கள். வழக்கத்தில் ஒவ்வொரு குடும்பமும் தங்கள் ரப்பியின், அதாவது மதகுருவின், தீர்ப்பின்படிதான் நடக்கும்.

சாப்பிடும் முன் போற்றுதல் சொல்வது எதற்காக?

தல்மூத் என்பது யூத ஆசான்களின் சட்ட விவாதங்களைத் தொகுத்த பழைய நூல்தொகுதி. அதில் உணவுப் போற்றுதல்களைப் பேசும் நூலின் பெயரே பெராகோத். அதில், பெராகா சொல்லாமல் இந்த உலகத்தில் எதையும் அனுபவிக்கக் கூடாது என்று ஆசான்கள் சொல்கிறார்கள். அதற்கு அவர்கள் காட்டும் ஆதாரம் அழகானது. சங்கீதம் 24 "பூமி கர்த்தருடையது" என்கிறது. சங்கீதம் 115 "பூமியை மனிதருக்குக் கொடுத்தார்" என்கிறது. இரண்டில் எது சரி? இரண்டும் சரி. பெராகா சொல்வதற்கு முன்பு அது கடவுளுடையது, சொன்ன பிறகு மனிதருடையது.

முன் சொல்லும் வாசகங்கள் ஆறு. கோதுமை முதலான ஐந்து தானியங்களில் செய்த ரொட்டிக்கு ஹாமோட்சி. அதே தானியங்களில் செய்த மற்றப் பண்டங்களுக்கு மெசோனோத். திராட்சை ரசத்துக்கு ஹாகாஃபென். மரத்தில் காய்ப்பவற்றுக்கு ஹாஎட்ஸ், மண்ணில் விளைபவற்றுக்கு ஹாஅதாமா. மீன், இறைச்சி, பால், தண்ணீர் என்று மீதி எல்லாவற்றுக்கும் ஷெஹாகோல்.

நேராகச் சொல்லுங்கள், ஒரு தட்டு வெள்ளைச் சோற்றுக்கு என்ன சொல்ல வேண்டும்?

முன்பு மெசோனோத்: "பலவகை உணவுகளைப் படைப்பவரே" என்று கடவுளைப் போற்றும் வாசகம். பின்பு போரே நெஃபாஷோத்: பல உயிர்களையும் அவற்றின் தேவைகளையும் படைத்தவரைப் போற்றும் வாசகம்.

யோசேப் காரோ தொகுத்து 1565இல் வெனிஸில் அச்சான ஷுல்ஹான் அரூக் சட்டநூலில், ஓரஹ் ஹயீம் பகுதி 208ஆம் பிரிவில் இது இருக்கிறது. அரிசியைக் குழைய வேகவைத்தாலும், மாவாக அரைத்து ரொட்டியாகச் சுட்டாலும் முன்னே மெசோனோத், பின்னே போரே நெஃபாஷோத். பச்சை அரிசியை அப்படியே மென்று தின்றால் ஹாஅதாமா. அவருக்கு ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் முன்பே வாழ்ந்த யூதச் சட்ட அறிஞர் மைமோனிடீஸும் இப்படித்தான் எழுதிவைத்தார். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார்: பாத்திரத்தில் அரிசியோடு வேறு எதுவும் கலந்திருக்கக் கூடாது. கலந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கீழே வருகிறேன்.

அரிசி அந்த ஐந்து தானியங்களில் ஒன்றா?

இல்லை. தல்மூதுக்கு அடித்தளமான பழைய சட்டத்தொகுப்பு மிஷ்னா. அது சொல்லும் ஐந்து தானியங்கள் கோதுமையும் பார்லியும் அவற்றின் உறவுத் தானியங்களும்தான். கோதுமை, பார்லி, ஸ்பெல்ட், ஓட்ஸ், ரை என்று இன்று அவற்றை அடையாளம் காண்கிறார்கள். மாவில் ஒரு பங்கை ஆசாரியருக்கு எடுத்துவைக்கும் ஹல்லா கடமை இந்த ஐந்துக்கும் உண்டு, அரிசிக்கு இல்லை என்று அதே நூல் சொல்கிறது.

இந்தப் பட்டியலை எப்படி முடிவு செய்தார்கள் என்பதற்கு எருசலேம் தல்மூதில் (தல்மூதின் இரண்டு வடிவங்களில் ஒன்று, மற்றது பாபிலோனியத் தல்மூத்) ஒரு வரி இருக்கிறது: சோதித்துப் பார்த்தார்கள், இந்த ஐந்து மட்டுமே புளித்து மாவாக எழும்புகின்றன என்று கண்டார்கள். அரிசி மாவை நனைத்து வைத்தால் அது புளிப்பதில்லை, கெட்டுத்தான் போகிறது என்பது அவர்களுடைய முடிவு. இட்லி மாவு பொங்கி வழிவதைத் தினமும் பார்க்கிற நமக்கு இது வியப்பாக இருக்கும். அவர்கள் பேசியது கோதுமை மாவில் ரொட்டிக்கு வரும் புளிப்பைப் பற்றி. அந்த இழுபட்டு உப்பும் தன்மை, உளுந்து சேர்க்காத வெறும் அரிசி மாவுக்குக் கிடையாது என்பது நம் சமையலறையிலும் தெரிந்ததுதான்.

ஐந்தில் ஒன்று இல்லையென்றால் மெசோனோத் எப்படி வந்தது?

இந்த விவாதம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

பாபிலோனியத் தல்மூதின் மூன்றாம் நூற்றாண்டுப் பேராசான்கள் ராவ், ஷ்முவேல் இருவரும் மெசோனோத் ஐந்து தானியங்களுக்கு மட்டுமே என்று சொன்னார்கள். அரிசியும் சிறுதானியமும் அதற்குள் வரக் கூடாது என்பதே அவர்கள் நோக்கம். இன்னொரு பக்கம், அவர்களுக்குப் பல தலைமுறைகள் முந்தைய ரப்பி யோஹனான் பென் நூரி அரிசியும் தானியமே என்றார். அது புளித்தால், புளித்த தானியத்தை விலக்கும் பஸ்கா பண்டிகையில் உண்ணத் தடை, அதில் புளிப்பில்லா அப்பம் சுட்டால் பஸ்காக் கடமை தீரும் என்ற அளவுக்குப் போனார்.

இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் பழைய ஆசான்களின் மரபுவாக்கு ஒன்று மேசைக்கு வந்தது. கோதுமையை மென்று தின்றால் ஹாஅதாமா. அரைத்துச் சுட்டு, சுட்டதை மறுபடி வேகவைத்தாலும் துண்டுகள் உருக்குலையாமல் இருந்தால் ஹாமோட்சி. அரிசியை மென்று தின்றால் ஹாஅதாமா. அரைத்துச் சுட்டு வேகவைத்தால், துண்டுகள் உருக்குலையாமல் இருந்தாலும் மெசோனோத், பிறகு ஒன்றும் இல்லை. இங்கே "ஒன்றும் இல்லை" என்றால் தானியத்துக்குரிய பின்போற்றுதல் இல்லை என்று பொருள். இந்த வாக்கை வைத்து ராவும் ஷ்முவேலும் சொன்னது மறுக்கப்பட்டது என்று தல்மூத் வெளிப்படையாகவே எழுதிவிடுகிறது. அந்த இருவரும் அவ்வளவு பெரியவர்கள். ஆனாலும் அரிசி ஜெயித்தது.

யோஹனான் பென் நூரியின் கருத்தையும் ஏற்கவில்லை. ஆக, அரிசி ரொட்டி ஆகாது. ஆனால் பசியாற்றி மனிதனைத் தாங்கும் உணவு. மெசோனோத் என்ற வாசகம் போற்றுவதே அந்தத் தாங்கும் குணத்தைத்தான். அரிசிக்கு மெசோனோத் கிடைத்த காரணத்தை உரையாசிரியர்களும் அதன் ஊட்டத்தில்தான் தேடுகிறார்கள். மற்றப் பருப்பு வகைகளை அரைத்து ரொட்டி சுட்டால் ஷெஹாகோல் மட்டுமே. அதோடு ஒப்பிட்டால் அரிசிக்குக் கிடைத்த மரியாதை புரியும்.

சாப்பிட்ட பிறகு மட்டும் ஏன் மாறுகிறது?

பின்போற்றுதலின் வேர் உபாகமம் 8ஆம் அதிகாரம். 8ஆம் வசனம் இஸ்ரயேல் நாட்டின் பெருமையாக ஏழு விளைச்சல்களைச் சொல்கிறது: கோதுமை, பார்லி, திராட்சை, அத்தி, மாதுளை, ஒலிவம், பேரீச்சைத் தேன். 10ஆம் வசனம் "நீ உண்டு நிறைவடைந்து, தந்த நல்ல நாட்டுக்காகக் கடவுளைப் போற்று" என்கிறது. அதனால் நாட்டின் பெயரைச் சொல்லிப் போற்றும் பின்வாசகங்கள் ஐந்து தானியங்களுக்கும் அந்த ஏழின் கனிகளுக்கும் உரியவை. ரொட்டி என்றால் நீண்ட வாசகம், மெசோனோத் பண்டம் என்றால் சுருக்கமான அல் ஹாமிஹ்யா. ஏழில் அரிசி இல்லை. மோசே காலத்து விளைச்சல் அல்ல அது. கிழக்கிலிருந்து பிறகு வந்தது. மிஷ்னாவின் காலத்தில் உள்நாட்டு அரிசியும் இருந்தது, வெளிநாட்டு அரிசியும் இருந்தது, தசமபாகச் சட்டத்தில் இரண்டையும் பிரித்துப் பேசுகிறார்கள்.

என் பார்வையில் இது நேர்மையான ஏற்பாடு. வயிறு நிறைந்ததை முன்வாசகம் ஒப்புக்கொள்கிறது. நாட்டின் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் வந்த விருந்தாளியை வந்தவராகவே வைத்திருக்கிறது.

பின்வாசகம் சொல்ல ஒரு ஒலிவக்காய் அளவாவது, சில நிமிடங்களுக்குள் உண்டிருக்க வேண்டும். முன்வாசகத்துக்கு அளவு கிடையாது, ஒரு வாய் சோறு என்றாலும் சொல்ல வேண்டும்.

குழைந்த சோறு, உதிரிச் சோறு என்ற வித்தியாசம் உண்டா?

ஷுல்ஹான் அரூக் "குழைய வேகவைத்தால்" என்று சொல்வதால் இந்தக் கேள்வி வருகிறது. ஈரான் யூதர்களின் சமையலைப் பாருங்கள். அரிசியை ஊறவைத்து, உப்புத் தண்ணீரில் அரைவேக்காடாக வேகவைத்து, வடித்து, மறுபடி மூடி ஆவியில் புழுங்கவிடுவார்கள். ஒவ்வொரு பருக்கையும் தனியாக, நீளமாக நிற்க வேண்டும். குழைந்துபோனால் சமைத்தவருக்கு அவமானம். பானையின் அடியில் பொன்னிறமாகப் பிடிக்கும் மொறுமொறு அடிச்சோற்றுக்கு வீட்டில் போட்டியே நடக்கும். இந்தச் சோறு "குழைந்தது" ஆகுமா?

பிற்காலத் தீர்ப்பாளர்கள் பலர் சொன்ன பதில் இது: உமியும் தவிடும் நீக்கித் தீட்டிய அரிசி, முழுப் பருக்கையாகத் தெரிந்தாலும் தன் மேலுறையை இழந்துவிட்டது. அது மாறிய உணவுதான், எனவே மெசோனோத். இன்று வெள்ளை அரிசிக்குப் பரவலான வழக்கம் இதுவே, சோறு உதிரியாக இருந்தாலும் சரி. பாஸ்மதியா, குட்டை அரிசியா என்பதும் பொருட்டில்லை.

கைக்குத்தல் அரிசி மாதிரித் தவிடு போகாத அரிசி என்றால் விஷயம் வேறு. மேலுறை அப்படியே இருப்பதால், பருக்கை முழுதாக நிற்கும்வரை ஹாஅதாமா சொல்ல வேண்டும் என்று இன்றைய வழிகாட்டிகள் பலர் கருதுகிறார்கள். நன்றாகக் குழைந்து ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் மெசோனோத். ஒரே நெல்தான், ஆலையில் எவ்வளவு தீட்டினார்கள் என்பதைப் பொறுத்து வாசகம் மாறுகிறது.

காட்டரிசி என்று வட அமெரிக்காவிலிருந்து வரும் கறுப்பு நிற நீள மணி நெல் இனமே அல்ல. அது வேறொரு நீர்ப்புல்லின் விதை. அதற்கு ஹாஅதாமா.

பக்திமான்கள் சோற்றை ரொட்டியோடு மட்டுமே சாப்பிட வேண்டும் என்று எங்கோ படித்தேன். உண்மையா?

உண்மை, ஆனால் அது எல்லாருக்குமான சட்டம் அல்ல. தல்மூதில் வரும் இரண்டு பெயர்கள் ஓரெஸ், தோஹன். ஓரெஸ் அரிசி, தோஹன் சிறுதானியம் என்பதே பெரும்பான்மையோர் கொள்வது. ஆனால் 11ஆம் நூற்றாண்டில் வட பிரான்சின் த்ருவா நகரில் வாழ்ந்த ராஷி ஓரெஸ் என்பதையே ஒரு சிறுதானியமாக எடுத்துக்கொண்டார். நெல் விளையாத ஊர் அது. இந்த ஐயம் ஐரோப்பாவில் பல நூற்றாண்டு நீடித்தது. அதனால்தான் அரிசியையும் சிறுதானியத்தையும் ரொட்டியோடு கூடிய சாப்பாட்டில் மட்டும் உண்பது நல்லது என்று ஆஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூத) தீர்ப்பாளர்கள் சிலர் பக்திமான்களுக்குச் சொன்னார்கள். ரொட்டிக்குச் சொன்ன ஹாமோட்சி அந்தச் சாப்பாட்டில் வரும் சோறு, குழம்பு, கறி எல்லாவற்றையும் சேர்த்தே மூடிவிடும், தனியாக எதுவும் சொல்ல வேண்டாம்.

போலந்தின் இஸ்ரயேல் மேயிர் ககான் (1838–1933) தமது மிஷ்னா பெரூரா என்ற சட்ட உரையில் இந்தத் தயக்கத்தைப் பதிவு செய்கிறார். ரொட்டி இல்லாமல் உண்டால் அரிசிக்கு மெசோனோத் என்பதே அங்கும் அடிப்படைச் சட்டம். பாக்தாத், அலெப்போ, இஸ்ஃபஹான், புகாரா ஊர்களின் யூதர்களுக்கு இந்தக் குழப்பமே வந்ததில்லை. அரிசி எது என்று அவர்கள் வீட்டுப் பானைக்குத் தெரியும்.

பருப்பு, காய், இறைச்சி கலந்தால்?

மைமோனிடீஸ் வைத்த நிபந்தனை இங்கேதான் வேலை செய்கிறது. கோதுமைக்கு ஒரு சலுகை உண்டு: ருசிக்காகவோ வயிறு நிறையவோ கோதுமை சேர்த்திருந்தால், அது கொஞ்சமாக இருந்தாலும் அதுவே தலைமை, முழுப் பண்டத்துக்கும் மெசோனோத். வெறுமனே குழம்பைக் கெட்டியாக்கத் தூவிய மாவுக்கு அந்தச் சலுகை இல்லை. அரிசிக்கோ இது அறவே கிடையாது. அரிசி கலந்த பண்டத்தில் எது அதிகமோ அதன் வாசகம்தான்.

ஈராக் யூதர்கள் கிச்ரி என்று ஒன்று செய்வார்கள். அரிசியும் மைசூர்ப் பருப்பும் சேர்த்து வேகவைத்து, சீரகமும் பூண்டும் போட்டு, வெண்ணெயோடு பரிமாறுவார்கள். பெயரும் பண்டமும் இந்தியாவோடு நடந்த வணிகத்தில் போய்ச் சேர்ந்தவை. அதில் அரிசி அதிகம் என்றால் மெசோனோத். பருப்பு அதிகம் என்றால் பருப்புக்குரிய வாசகம்.

ஒரு தட்டில் சோறு, பக்கத்தில் கோழித் துண்டு என்று தனித்தனியாக இருந்தால் அது கலவை ஆகாது. சோற்றுக்கு மெசோனோத், கோழிக்கு ஷெஹாகோல் என்று இரண்டும் சொல்வார்கள். புகாரா யூதர்களின் பச்சை நிறப் பக்‌ஷ் சோற்றில் இறைச்சியும் கொத்தமல்லியும் பொடிப்பொடியாக நறுக்கிச் சோற்றோடு ஒன்றாகக் கிடக்கும், ஒவ்வொரு கரண்டியிலும் எல்லாம் வரும். அதற்கு மெசோனோத் ஒன்றே போதும்.

சுஷி உருண்டையிலும் சோறுதான் பெரும்பங்கு என்பதால் மெசோனோத் என்பது பரவலான வழக்கம். உள்ளே இருக்கும் மீனுக்காகத்தான் சாப்பிடுகிறோம் என்றால் அதற்குத் தனியாக ஷெஹாகோல் வேண்டும் என்பாரும் உண்டு.

அரிசி மாவில் செய்த நூடுல்ஸ், களி, பால் பாயசம்?

இவற்றில் சிக்கல் இல்லை. அரைத்த அரிசி, குழைந்த அரிசி இரண்டும் மெசோனோத் என்று சட்டமே சொல்லிவிட்டது. அரிசி சேவை, அரிசிக் களி, அரிசியைப் பாலில் குழையவிட்ட இனிப்பு எல்லாம் மெசோனோத், பின்பு போரே நெஃபாஷோத்.

குடிப்பது என்றால் கதை மாறும். அரிசியிலிருந்து வடித்த பால், ஜப்பானின் சாக்கே மது இரண்டுக்கும் ஷெஹாகோல். திராட்சை ரசத்தைத் தவிர எந்தப் பானத்துக்கும் தனி மரியாதை இல்லை.

கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் அரிசி ரொட்டியை வைத்து ஓய்வுநாள் விருந்தைத் தொடங்கலாமா?

வருத்தமான பதில்தான்: முடியாது. வெறும் அரிசி மாவில் சுட்டது, பார்க்க எவ்வளவு ரொட்டி போல இருந்தாலும் ஹாமோட்சி கிடையாது, சடங்காகக் கைகழுவுவதும் கிடையாது. மெசோனோத்தான். கடையில் கிடைக்கும் குளூட்டன் இல்லாத ரொட்டிகளில் உருளைக்கிழங்கு மாவோ மரவள்ளி மாவோ அரிசியைவிட அதிகமாக இருந்தால் மெசோனோத்தும் போய்விடும், ஷெஹாகோல் என்றாகும். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இதற்கு மரபுக்குள்ளேயே வழி இருக்கிறது. ஐந்து தானியங்களில் ஓட்ஸ் சேர்ந்திருப்பதால், குளூட்டன் கலக்காமல் பயிரிட்டு அரைத்த ஓட்ஸில் ரொட்டியும், பஸ்காவுக்குப் புளிப்பில்லா அப்பமும் செய்கிறார்கள். அதற்கு ஹாமோட்சி உண்டு. கோதுமை உடலுக்கு ஆகாதவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

அரிசி மாவில் கொஞ்சம் கோதுமை மாவு கலந்து சுட்டால்? கோதுமையின் ருசி தெரிந்தால் ஹாமோட்சி. அரிசியும் கோதுமையும் கலந்த மாவில் தானிய ருசி இருந்தால் ஹல்லா எடுத்துவைக்க வேண்டும் என்று மிஷ்னா முன்பே சொல்கிறது. சாப்பிட்ட பின் நீண்ட வாசகம் சொல்ல, உண்ட கோதுமையின் அளவும் போதுமானதாக இருக்க வேண்டும்.

அரிசி ரொட்டியே அன்றாட உணவாக இருந்த ஊர்களில் என்ன செய்தார்கள்?

தல்மூதில் பெசாஹீம் நூலில் இதற்கு ஒரு சம்பவம் உண்டு. பே ஹோசாய் என்பது இன்றைய ஈரானின் குசெஸ்தான் பகுதி. அந்த ஊர்க்காரர்கள் அரிசி மாவிலிருந்தும் ஆசாரியருக்கு ஹல்லா எடுத்துவைத்தார்கள். சட்டப்படி தேவையில்லாத வேலை. செய்தி ராவ் யோசேஃப் என்ற ஆசானுக்குப் போனது. "ஆசாரியன் அல்லாத ஒருவன் அதை அவர்கள் கண்முன்னே எடுத்துத் தின்னட்டும்" என்றார் அவர். அதில் புனிதம் எதுவும் இல்லை என்று அவர்களுக்கு உறைக்கட்டும் என்பது எண்ணம். மக்கள் விலக்கென்று மதித்து நடக்கும் ஒன்றை அவர்கள் முன்னாலேயே மீறலாமா என்று இன்னொரு ஆசான் அபாயே ஆட்சேபித்தார்.

ராவ் ஆஷி இந்த ஊர்க்காரர்கள் எதைத் தின்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னார். பெரும்பாலும் அரிசி ரொட்டிதான் என்றால் அவர்கள் முன்னால் தின்ன வேண்டாம். தின்றால் ஹல்லா என்ற சட்டமே அவர்களிடையே மறந்துபோகும். பெரும்பாலும் தானிய ரொட்டி என்றால் தின்னலாம். இல்லாவிட்டால் கடமை இல்லாத மாவிலிருந்து எடுத்துக் கடமை உள்ள மாவுக்கு ஈடுகட்டிவிடுவார்கள். சட்டத்தை ஒரு எழுத்தும் மாற்றவில்லை. ஆனால் அரிசியை நம்பி வாழும் வீடுகளின் மனநிலையை இவ்வளவு கூர்மையாகக் கணக்கில் எடுத்த இன்னொரு பழைய சட்டப்பகுதியை நான் படித்ததில்லை.

பொரி, அவல்?

பொரிக்கு இரண்டு வழக்கங்கள் இருக்கின்றன. மணி முழுதாகவே உப்பியிருக்கிறது, தண்ணீரில் வேகவும் இல்லை, அரைபடவும் இல்லை. எனவே ஹாஅதாமா என்பது ஒன்று. வட்டமாக அழுத்திச் செய்யும் பொரி அப்பளத்துக்கும் பல வழிகாட்டிகள் இதையே சொல்கின்றன. உருவே மாறிவிட்டதால் மெசோனோத் என்பது மற்றது. அரிசியை முதலில் வேகவைத்து, உலர்த்தி, பிறகு வறுத்துச் செய்யும் காலை உணவுப் பொரிக்கு மெசோனோத் சொல்வார்கள்.

அவல் என்றால் மகாராஷ்டிரத்துக் கொங்கணக் கரையின் பெனே இஸ்ராயேல் யூதர்களை நினைக்காமல் இருக்க முடியாது. திருமணம், வேண்டுதல் நிறைவேறியது, புது வீடு என்று எந்த நல்ல காரியத்துக்கும் எலியா தீர்க்கதரிசியின் பெயரால் மலிதா என்ற நன்றிச் சடங்கு வைப்பார்கள். நனைத்த அவலில் துருவிய தேங்காயும் சர்க்கரையும் கலந்து, தட்டில் குவித்து, சுற்றிலும் பழங்களை அடுக்குவார்கள். பாடலும் பிரார்த்தனையும் முடிந்ததும், பழங்களுக்கு உரிய பெராகாக்களைச் சொல்லி எல்லாரும் பகிர்ந்து உண்பார்கள். வேறெந்த யூதச் சமூகத்திலும் எலியாவுக்கு அவல் வைக்கும் வழக்கம் இல்லை.

தோசை, இட்லி, வடைக்கு யாராவது தீர்ப்புக் கேட்பார்களா?

கேட்பார்கள். நியூயார்க் மன்ஹாட்டனில் லெக்ஸிங்டன் அவென்யூவை ஒட்டிய இந்திய உணவகத் தெருவில் யூத உணவுவிதிக்கு ஏற்றது என்ற கோஷர் சான்று பெற்ற தென்னிந்தியச் சைவ உணவகங்கள் நடந்துவருகின்றன. தோசை தின்ன வரும் யூதர்கள் அங்கே நிறைய.

மேலே சொன்ன விதிகளை வைத்துப் பார்த்தால் இப்படி வரும். இட்லி, சாதா தோசை இரண்டிலும் அரைத்த அரிசி உளுந்தைவிட அதிகம்; மெசோனோத், பின்பு போரே நெஃபாஷோத். உளுந்து வடையில் அரிசி கிடையாது, கிடந்தாலும் ஒரு கைப்பிடி. பருப்பு மாவுப் பண்டம் என்பதால் ஷெஹாகோல். ஒரே தட்டில் இட்லி வடை வந்தால் இரண்டு பெராகா. ரவா தோசையில் கோதுமை ரவை இருப்பதால் அதன் மெசோனோத் கோதுமையின் பலத்தில் வருகிறது. ரவையே போதிய அளவு உள்ளே போயிருந்தால் பின்வாசகமும் அல் ஹாமிஹ்யா ஆகிவிடும். வெண்பொங்கலில் அரிசியே பெரும்பங்கு, குழைந்தும் இருக்கும். ஷுல்ஹான் அரூக் வரியைப் படிக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வெண்பொங்கல்தான்.

பஸ்காவில் யூதர்கள் சோறு சாப்பிடலாமா?

அரிசி புளிப்புப் பண்டம் அல்ல, எனவே சட்டப்படி தடையில்லை. பஸ்கா விருந்தில் வைக்க வேண்டிய இரண்டு சமைத்த பண்டங்கள் எவை என்று தல்மூத் கேட்கிறது. "பீட்ரூட்டும் அரிசியும்" என்கிறார் ராவ் ஹூனா. அவர் வாயிலிருந்து வந்த சொல் என்பதற்காகவே ராவா அந்த இரண்டையும் தேடிப்பிடித்து வாங்குவாராம். இதை வைத்து, யோஹனான் பென் நூரியின் கருத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை என்று தெரிகிறது என்கிறார் ராவ் ஆஷி.

அப்புறம் 13ஆம் நூற்றாண்டு பிரான்சில், அரிசியையும் பருப்பு வகைகளையும் பஸ்காவில் விலக்கும் வழக்கம் எழுத்தில் வருகிறது. கோதுமை மணி கலந்துவிடுமோ, மாவைப் பார்த்து மக்கள் குழம்புவார்களோ என்ற அச்சம். இது மிகையான கட்டுப்பாடு என்று தூர் என்ற சட்டநூலின் ஆசிரியர் யாக்கோப் பென் ஆஷெர் எழுதினார். ஆனாலும் 16ஆம் நூற்றாண்டில் கிராக்கோவின் மோசே இசெர்லெஸ் அதை ஆஷ்கெனாசிகளுக்குக் கட்டாயமாக்கினார். அரிசி சாப்பிடும் செஃபார்திக் (ஸ்பெயின் வழி மரபைச் சேர்ந்த யூத) குடும்பங்களில் பண்டிகைக்கு முன் வெள்ளைத் துணியில் அரிசியைப் பரப்பி, மணி மணியாக மூன்று முறை ஆய்வார்கள். ஒரு கோதுமை மணியும் தப்பக் கூடாது. மொராக்கோ யூதர்களில் பலர் செஃபார்திகளாக இருந்தும் அரிசியை விலக்குவார்கள். யூத மதத்தின் கன்சர்வேடிவ் பிரிவின் சட்டக்குழு 2015இல் ஆஷ்கெனாசிகளும் உண்ணலாம் என்று அனுமதித்தது. ஆர்த்தடாக்ஸ் ஆஷ்கெனாசிகள் பழைய வழக்கத்தை விடவில்லை. சாப்பிடுகிறவர்களுக்குப் பஸ்காவிலும் அதே மெசோனோத்தான்.

தவறான வாசகத்தைச் சொல்லிவிட்டால்?

பெராகாவில் கடவுளின் பெயர் வருவதால் அதை வீணாகச் சொல்லக் கூடாது. அதனால்தான் இந்தப் பக்கத்தில் வாசகங்களை முழுதாகத் தராமல் பெயரும் பொருளும் மட்டும் தந்திருக்கிறேன். ஐயம் வந்தால் மறுபடி சொல்லாமல் விடுவதே பொதுவிதி. சோற்றுக்கு முன் ஷெஹாகோல் சொல்லிவிட்டால் கடமை தீர்ந்தது, திருப்பிச் சொல்ல வேண்டாம். எந்த உணவுக்கும் ஷெஹாகோல் சொல்லியிருந்தால் போதும் என்பது மிஷ்னாவின் வாக்கு. அதற்காகத் தெரிந்தே எல்லாவற்றுக்கும் ஷெஹாகோல் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. உரிய வாசகத்தைக் கற்றுக்கொள்வது கடமை. எந்த வாசகம் என்று முடிவுக்கு வர முடியாத அரிசிப் பண்டம் முன்னால் இருந்தால், ஒரு துண்டு ரொட்டியோடு சாப்பாட்டைத் தொடங்கிவிடுவது எல்லாத் தரப்பும் ஏற்கும் வழி. கைகழுவி, ஹாமோட்சி சொல்லி, ரொட்டியைத் தின்றுவிட்டுப் பிறகு சோற்றை எடுத்துக்கொள்ளலாம்.